கடலோர வீட்டில் பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன்: பழுது பார்ப்பதும் மாற்றுவதும்

ராமேஸ்வரம் பக்கத்துக் கடலோர ஊர்களான மண்டபம், பாம்பன், தங்கச்சிமடத்தில் ஒரு பாத்ரூம் எக்ஸாஸ்ட் ஃபேன் நின்றுவிட்டால் மோட்டார் எரிந்துவிட்டது என்று உடனே முடிவு கட்ட வேண்டாம். பல நேரம் உப்பு பிடித்து இறுகித்தான் நிற்கிறது. கடல்காற்றோடு வரும் உப்பு பிளேடிலும், அதைச் சுழற்றும் தண்டான ஷாஃப்டிலும் படிகிறது. உப்பு சும்மா இருக்காது, காற்றில் உள்ள ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். குளிக்கும்போது எழும் ஆவியும் அதோடு சேர்ந்தால் இரும்பு துருப்பிடிக்கும், செம்பு பச்சை பூக்கும், எண்ணெய் பசையாகிவிடும். மதுரையில் வருஷக்கணக்கில் சத்தமில்லாமல் ஓடும் அதே ஃபேன் இங்கே சீக்கிரமே முனகத் தொடங்குவது இதனால்தான்.

ஆகவே, நின்றதும் கழற்றிப் போட்டுவிட்டுக் கடைக்கு ஓடாதீர்கள். முதலில் கழுவிப் பாருங்கள், அப்புறம் எண்ணெய், அப்புறம் கண்டென்சர் (மோட்டாரைச் சுழலத் தொடங்க வைக்கும் சின்ன உதிரிப்பாகம்). மூன்றும் கைகொடுக்காவிட்டால் புதிது வாங்கலாம். இதுவரை திருப்புளியே பிடிக்காதவரும் நிதானமாகச் செய்யக்கூடிய வேலைதான். ஆனால் ஃபேன் இருக்கும் இடத்துக்கு லைனே வரவில்லை, புதிதாக வயர் இழுக்க வேண்டும் என்றால் அதை லைசென்ஸ் உள்ள வயர்மேனிடம் விட்டுவிடுங்கள்.

முதலில் கரண்டை நிறுத்துங்கள்

சுவிட்சை அணைத்தால் போதும் என்று நினைக்க வேண்டாம். பழைய வீடுகளில் சுவிட்சை நியூட்ரல் வயரில் கொடுத்திருப்பதுண்டு. அப்படிக் கொடுத்திருந்தால் சுவிட்ச் ஆஃபில் இருந்தாலும் ஃபேனில் ஃபேஸ், அதாவது ஷாக் அடிக்கும் கரண்ட், நின்றுகொண்டே இருக்கும். மெயின் சுவிட்சை இறக்குங்கள்.

வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறதா? மெயினை இறக்கியதும் கரண்ட் போய்விட்டது என்று நினைத்து அது தன் வேலையைத் தொடங்கிவிடும். பாத்ரூம் லைட்டும் ஃபேனும் இன்வெர்ட்டர் லைனில் இருந்தால் நீங்கள் கை வைக்கும் வயரில் முழு 230 வோல்ட்டும் இருக்கும். இன்வெர்ட்டரையும் அணையுங்கள். அணைத்த பிறகும் ஃபேனுக்குப் போகும் வயரில் டெஸ்டரை வைத்துப் பாருங்கள். டெஸ்டரே கெட்டுப் போயிருக்கலாம் என்பதால், கரண்டை நிறுத்துவதற்கு முன்பே ஓடுகிற பிளக் பாயிண்ட் ஒன்றில் வைத்து அது எரிகிறதா என்று பார்த்துக்கொள்வது நல்லது.

பாத்ரூம் தரையைத் துடைத்துக் காயவிட்ட பிறகே ஸ்டூலை உள்ளே வையுங்கள். ரப்பர் செருப்பு போட்டுக்கொண்டு ஏறுங்கள். ஸ்டூலைப் பிடித்துக்கொள்ள வீட்டில் ஒருவர் பக்கத்தில் இருக்கட்டும். மெயின் பெட்டிப் பக்கம் யாரும் போகக் கூடாது என்று அவரிடமே சொல்லி வையுங்கள்.

என்ன கோளாறு என்று எப்படித் தெரியும்?

கழற்றுவதற்கு முன், கரண்டை நிறுத்தியபடியே ஒரு குச்சியால் பிளேடைத் தள்ளிப் பாருங்கள். லேசாகச் சுழன்று மெதுவாக நின்றால் ஷாஃப்டைத் தாங்கிச் சுழலவிடும் புஷ்ஷோ பேரிங்கோ நன்றாக இருக்கிறது. தள்ளிய இடத்திலேயே சட்டென்று நின்றால் இறுகிவிட்டது.

லேசாகச் சுழல்கிறது, ஆனால் கரண்டைத் திரும்பக் கொடுத்துச் சுவிட்ச் போட்டால் "ம்ம்ம்" என்று ஓசை மட்டும் வருகிறது, நகரவில்லை. அந்த நிலையில் குச்சியால் ஒரு தள்ளு தள்ளினால் ஓட ஆரம்பிக்கிறது. இது கண்டென்சர் போனதன் அடையாளம். விரலால் தள்ளிப் பார்க்கக் கூடாது, காய்ந்த மரக்குச்சி போதும். முனகலோடு அப்படியே விட்டு வைக்கவும் கூடாது. சுழலாத மோட்டார் சூடேறி, மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் நல்ல கம்பியையும், அதாவது வைண்டிங்கையும், கருக்கிவிடும்.

ஓசையே இல்லை என்றால் முதலில் வயர் இணைப்பைத்தான் சந்தேகப்பட வேண்டும். கடலோரத்தில் இது அடிக்கடி நடக்கும். கனெக்டருக்குள் செம்புக் கம்பி பச்சைத் தூளாகி, தொடுவதுபோல் தெரியும், தொடாது. சுவிட்சும் இதேபோல் உள்ளே அரித்துப் போயிருக்கலாம்.

சுவிட்ச் போட்டதும் ஆர்.சி.சி.பி. (கரண்ட் கசிந்தால் லைனைத் தானாக நிறுத்தும் சுவிட்ச்) விழுகிறது என்றால் மோட்டாரிலிருந்து கரண்ட் கசிகிறது. வீடுகளில் பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே அது விழுந்துவிடும். எரிச்சலில் அதை நீக்கிவிட்டு நேராக இணைப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள், ஈரத் தரையில் வெறுங்காலோடு நிற்கும் இடம் அது. அந்த ஃபேனை மாற்றத்தான் வேண்டும். கருகிய நாற்றம் வந்தாலும் அப்படியே. சின்ன ஃபேனுக்கு ரீவைண்டிங் செய்யும் செலவில் புதிதே வாங்கிவிடலாம்.

கழற்றிக் கழுவுவது

மெயினையும் இன்வெர்ட்டரையும் மறுபடி அணைத்துவிட்டு, கழற்றுவதற்கு முன் செல்போனில் இரண்டு மூன்று படங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். எந்த நிற வயர் எங்கே போகிறது என்பது தெளிவாகத் தெரிய வேண்டும். அப்புறம் வயரைப் பிரித்து, முனைகளில் டேப் சுற்றிவிட்டு ஃபேனைக் கீழே இறக்குங்கள்.

பிளேடைக் கழற்றும்போதுதான் பலர் உடைத்துவிடுகிறார்கள். பிளாஸ்டிக் ஃபேன்கள் பலவற்றில் பிளேடின் நடுவில் உள்ள மூடி தலைகீழ் மரை. வழக்கம்போல் இடது பக்கம் திருப்பினால் இன்னும் இறுகும். மூடியின் மேலேயே அம்புக்குறி போட்டிருப்பார்கள், அழுக்கைத் துடைத்துவிட்டுப் பாருங்கள். உலோக பிளேடில் மூடி இருக்காது. பிளேடின் நடுவில் உள்ள குடத்தின் பக்கவாட்டில் சின்ன ஸ்க்ரூ ஒன்று ஷாஃப்டைப் பிடித்திருக்கும். துருவேறி அசையாவிட்டால் துரு இளக்கும் ஸ்ப்ரேயை அடித்து அரைமணி நேரம் விட்டுவிட்டுத் திருப்புங்கள். அவசரப்பட்டால் ஸ்க்ரூவின் தலை வழுக்கிப் போகும்.

கழற்றிய பிளேடை வெளிச்சத்தில் பாருங்கள். முன் விளிம்பு முழுக்க சாம்பல் நிறத்தில் ஒரு படிவு இருக்கும். தூசி, நூல், சோப்புப் பிசுக்கு, உப்பு எல்லாம் சேர்ந்து இறுகியது. நகத்தால் சுரண்டினால் செதிளாகப் பெயரும், விரலில் பிசுபிசுக்கும். இந்த ஃபேன்கள் நிமிஷத்துக்கு ஆயிரம் சுற்றுக்கு மேல் சுழல்பவை. மூன்று பிளேடில் ஒன்றில் மட்டும் இந்தப் படிவு கூடுதலாக இருந்தால்கூட ஃபேன் முழுவதும் அதிரும், அந்த அதிர்வு புஷ்ஷைத் தின்னும். ஆகவே சத்தம் வருகிறது என்று பேரிங்கைக் குறை சொல்வதற்கு முன் பிளேடைக் கழுவுங்கள்.

கழுவ நல்ல தண்ணீரைப் பயன்படுத்துங்கள். நம் பக்கத்து போர் தண்ணீர் பல ஊர்களில் உப்புதான். உப்புத் தண்ணீரால் உப்பைக் கழுவினால் காய்ந்ததும் வெள்ளை பூத்துவிடும். குடிக்கிற தண்ணீரை விலைக்கு வாங்கும் வீடானாலும் ஒரு மக்கு செலவழிக்கலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பாத்திரம் தேய்க்கும் சோப்பைக் கலந்து, பிளேடு, முன்பக்க கிரில், பின்பக்க ஷட்டர் மூன்றையும் ஊறவைத்துப் பழைய பல்துலக்கும் பிரஷ்ஷால் தேயுங்கள். மோட்டார் மேல் ஒரு சொட்டும் படக் கூடாது. மோட்டாரை உலர்ந்த பெயிண்ட் பிரஷ்ஷால் தட்டித் துடைத்தால் போதும்.

ஷட்டர் தகடுகளின் கீல்களில் குளவி மண்கூடு கட்டியிருக்கும். சில வீடுகளில் ஷட்டர் திறக்காமல் காற்று வெளியே போகாததற்கு அது ஒன்றே காரணம்.

எண்ணெயும் கண்டென்சரும்

இறுகிய ஃபேனுக்குத் தேங்காய் எண்ணெய் விடும் பழக்கம் ஊர் முழுக்க இருக்கிறது. விட்ட அன்றைக்கு ஓடும், உண்மைதான். ஆனால் கொஞ்ச நாளில் பசைபோல் இறுகி, தூசியையும் உப்பையும் பிடித்து வைத்துக்கொள்ளும். துரு இளக்கும் ஸ்ப்ரேயும் நிரந்தர எண்ணெய் ஆகாது, இறுக்கத்தை விடுவிப்பதோடு அதன் வேலை முடிந்தது. ஷாஃப்டைத் துணியில் கொஞ்சம் மண்ணெண்ணெய் தொட்டுத் துடைத்து, காயவிட்டு, தையல் மிஷின் எண்ணெய் இரண்டு மூன்று சொட்டு விடுங்கள். புஷ்ஷைச் சுற்றி ஒரு கம்பளி வளையம் இருக்கும். அது எண்ணெயைக் குடித்து வைத்துக்கொண்டு கொஞ்சம் கொஞ்சமாகக் கொடுக்கும், அதில் படும்படி விடுங்கள். வைண்டிங் மேல் எண்ணெய் வழியக் கூடாது. விட்டபின் ஷாஃப்டைக் கையால் பலமுறை சுழற்றுங்கள். ஷாஃப்டை மேலும் கீழும் அசைத்தால் ஆட்டம் தெரிகிறதா? புஷ் தேய்ந்துவிட்டது, எண்ணெய் இனி உதவாது.

பேரிங் உள்ள ஃபேன் "கரகர" என்றால் எண்ணெய் விட்டுக் காலம் தள்ளாமல் பேரிங்கை மாற்றுவது நல்லது. பேரிங்கின் ஓரத்தில் 608, 6201 என்பதுபோல் எண் பொறித்திருக்கும், பழையதையே கடைக்குக் கொண்டுபோங்கள். தகரம் மூடியது, ரப்பர் மூடியது என்று இரண்டு வகை உண்டு. எண்ணுக்குப் பின்னால் 2ஆர்.எஸ். என்று இருந்தால் ரப்பர் மூடி. கடலோரத்துக்கு அதுதான் சரி.

கண்டென்சரைத் தொடும் முன், பிளாஸ்டிக் கைப்பிடி போட்ட திருப்புளியின் உலோகப் பகுதியால் அதன் இரண்டு வயர் முனைகளையும் ஒருசேரத் தொட்டுவிடுங்கள். உள்ளே தங்கியிருக்கும் சார்ஜ் இறங்கிவிடும். அதன்மேல் 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட் என்பதுபோல் அச்சிட்டிருக்கும். அதே மைக்ரோ ஃபாரட்டில் வாங்க வேண்டும். வோல்ட் அதே அளவோ அதற்கு மேலோ இருக்கலாம், குறையக் கூடாது. கடையில் சில நேரம், "தம்பி, ரெண்டரை இல்ல, மூணே கால் இருக்கு, இதப் போடுங்க, நல்லா வேகமா ஓடும்" என்பார்கள். "வேண்டாம்ணே, அதே அளவு வந்ததும் வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அளவு கூடினால் வைண்டிங் சூடேறும். விலை நூறு ரூபாய்க்குள்தான் வரும் என்பதால் இன்னொரு கடை பார்ப்பதில் நஷ்டம் இல்லை.

கண்டென்சருக்குப் பிளஸ், மைனஸ் கிடையாது. ஆனால் மோட்டாரின் எந்த வயரில் அது இருந்ததோ அதிலேயே இருக்க வேண்டும். மாறிவிட்டால் ஃபேன் எதிர்ப்பக்கம் சுழன்று வெளிக்காற்றை உள்ளே தள்ளும். முதலில் எடுத்த படங்கள் இங்கேதான் உதவும்.

புதிது வாங்கும்போது

ஆறடிக்கு ஐந்தடி, ஒன்பதடி உயரம் உள்ள பாத்ரூமில் இருப்பது 270 கன அடி காற்று, அதாவது ஏழரை கன மீட்டர் சொச்சம். மணிக்குப் பத்து முறை முழுக்காற்றும் மாற வேண்டும் என்று வைத்தாலும் 76 கன மீட்டர் போதும். 150 மில்லிமீட்டர், நாம் ஆறு இஞ்ச் என்று சொல்லும் ஃபேன்கள் இதைவிட அதிகமாகவே இழுக்கும். பெட்டியில் அளவு போட்டிருக்கும், பார்த்து வாங்குங்கள். சின்ன பாத்ரூமுக்குப் பன்னிரண்டு இஞ்ச் ஃபேன் வாங்குவது வீண் சத்தம்.

ஏற்கெனவே ஓட்டை இருந்தால் டேப் பிடித்து அளந்துகொண்டு கடைக்குப் போங்கள். ஆறு இஞ்ச் என்பது பிளேடின் அளவு. ஃபேனின் உடம்பு நுழைய அதைவிடப் பெரிய ஓட்டை வேண்டும், அது கம்பெனிக்குக் கம்பெனி மாறும். பெட்டியில் கட்அவுட் அளவு என்று தனியாக இருக்கும்.

இந்தக் கரைக்கு பிளாஸ்டிக் உடம்புதான் என் தேர்வு. பெயிண்ட் அடித்த இரும்பு ஃபேன் எவ்வளவு பார்வையாக இருந்தாலும், ஒரு கீறல் விழுந்தால் துரு அங்கிருந்து கிளம்பிவிடும். செம்பு வைண்டிங், ஐ.எஸ்.ஐ. முத்திரை, தண்ணீர் தெறிப்பைத் தாங்கும் ஐ.பி.எக்ஸ்.4 குறி, பின்பக்கம் தானாக மூடிக்கொள்ளும் ஷட்டர், இவையெல்லாம் இருந்தால் நல்லது. கிரிலும் பிளேடும் கருவியில்லாமல் கழன்று வருமா என்று கடையிலேயே கழற்றிப் பாருங்கள். கழற்ற எளிதாக இருந்தால்தான் அடிக்கடி கழுவுவீர்கள்.

எந்தச் சுவரில் வைப்பது என்று தேர்ந்தெடுக்க வாய்ப்பு இருந்தால் காற்றை யோசியுங்கள். ஆனி ஆடியில் கச்சான் காற்று வீசும்போது தென்மேற்கு பார்த்த ஓட்டைக்குள் மணலும் உப்பும் அடித்துக்கொண்டு வரும். இந்தச் சின்ன ஃபேன்களுக்கு எதிர்க்காற்றைத் தள்ளும் வலு கிடையாது. ஷட்டர் திறக்கவே திறக்காது, அல்லது இரவெல்லாம் படபடவென்று அடிக்கும். வடக்கு, கிழக்குச் சுவரில் வைத்தால் ஐப்பசி கார்த்திகையில் வாடைக்காற்றோடு மழைச்சாரல் வரும். இரண்டில் ஒன்று என்றால் நான் வடக்கு, கிழக்கையே எடுப்பேன். சாரலை, வாய் கீழ்நோக்கிய ஒரு ஹூட் தடுத்துவிடும். மாதக்கணக்கில் எதிர்த்து வீசும் காற்றைத் தடுக்க வழியில்லை.

பொருத்துவது

சாய்வுக் கண்ணாடி போட்ட வெண்டிலேட்டர் இருந்தால் சுவரை உடைக்க வேண்டாம். இரண்டு மூன்று கண்ணாடியை உருவிவிட்டு, அந்த அளவுக்கு அக்ரிலிக் ஷீட்டோ மரைன் பிளைவுட்டோ வெட்டி, அதில் ஓட்டை போட்டு ஃபேனைப் பொருத்தலாம். பிளைவுட் என்றால் வெட்டிய ஓரங்களுக்கும் பெயிண்ட் அடியுங்கள். ஈரம் ஓரத்தில்தான் முதலில் ஏறும்.

சுவரில் ஓட்டை போடுவதாக இருந்தால் கூரைக்கு அருகில், கதவுக்கு எதிர்ப்பக்கம், ஷவர் நேராகப் படாத இடத்தில் போடுங்கள். ஓட்டையின் அடிப்பாகம் வெளிப்பக்கம் லேசாகச் சரிந்திருக்க வேண்டும், நுழையும் மழைத்தண்ணீர் வெளியே ஓடிவிடும். ஹாலோ பிளாக் சுவரில் ஸ்க்ரூவுக்காகச் செருகும் பிளாஸ்டிக் பிளக் பிடிக்காது, ஸ்க்ரூ முடுக்கும்போதே பொத்தென்று உள்ளே போகும். அங்கே பி.வி.சி. சட்டம் ஒன்றைச் சிமெண்டில் பதித்து, காய்ந்தபின் அதில் ஃபேனை மாட்டுங்கள். கீழக்கரை மாதிரி ஊர்களில் பழைய கனத்த சுவர் வீடாக இருந்தால், ஓட்டையின் முழு நீளத்துக்கும் ஒரு பி.வி.சி. குழாயைச் செருகி ஃபேனை அதன் உள்வாயில் வையுங்கள். இல்லாவிட்டால் ஈரக்காற்று சுவருக்குள்ளேயே சுற்றி, காரையை உதிர்க்கும்.

ஃபேனோடு வரும் ஸ்க்ரூக்களை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஸ்க்ரூ வாங்குங்கள். 304 தரம் குறைந்தபட்சம், 316 கிடைத்தால் கடலோரத்துக்கு அதுவே மேல். 1914-ல் திறந்த பாம்பன் ரயில் பாலத்தில் அரிப்பு காரணமாக 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தினார்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாலத்தில் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பிகளும் அரிப்பைத் தாங்கும் பெயிண்ட்டும் போட்டிருக்கிறார்கள். அதே உப்புக்காற்றுதான் உங்கள் பாத்ரூம் ஜன்னலிலும் வீசுகிறது. நாலு ஸ்க்ரூவில் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

வயரிங்கில் நம் ஊர் வழக்கப்படி சிவப்பு ஃபேஸ், கறுப்பு நியூட்ரல், பச்சை எர்த். பழைய வீட்டில் நிறத்தை மட்டும் நம்பாமல், ஃபேனைத் தொடும் முன்பே, கரண்ட் இருக்கும்போது டெஸ்டரை வைத்து எது ஃபேஸ் என்று பார்த்துக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். உலோக உடம்பு ஃபேன் என்றால் எர்த் வயர் இல்லாமல் மாட்டவே கூடாது. இரண்டு கம்பியை முறுக்கி டேப் சுற்றுவது இங்கே ஒரு மழைக்காலம்கூடத் தாங்காது. கம்பியைப் புதிதாகச் சீவி, கனெக்டரில் முடுக்கி, மேலே வாசலின் பூசி, மூடியுள்ள சின்னப் பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். பெட்டிக்குள் ஒரு ஜாண் வயர் கூடுதலாக மடித்து விட்டுவிடுங்கள். வயர் பெட்டிக்குள் நுழையும் முன் கொஞ்சம் கீழே தொங்கி வளைந்து மேலேறட்டும். வயரில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும், உள்ளே போகாது.

ஸ்க்ரூவைச் சுற்றிச் சுற்றிச் சமமாக முடுக்குங்கள். ஒரு மூலையை மட்டும் இறுக்கினால் பிளாஸ்டிக் வளைந்து பிளேடு உரசும். கிரிலைப் போடும் முன் பிளேடைக் கையால் சுழற்றி, உரசல் இல்லை என்று உறுதி செய்யுங்கள். சுவருக்கும் ஃபேனுக்கும் இடையிலுள்ள இடைவெளியைச் சிலிகானால் அடையுங்கள். வெளிப்பக்கம் அடிவிளிம்பில் மட்டும் ஒரு விரல் அகலம் விட்டு வையுங்கள், தப்பித்தவறி உள்ளே வந்த தண்ணீருக்கு வழி வேண்டும்.

இப்போது மெயினைப் போட்டு ஓடவிடுங்கள். செய்தித்தாளில் ஒரு துண்டு கிழித்து கிரிலில் வையுங்கள். ஒட்டிக்கொண்டு நின்றால் காற்று வெளியே போகிறது. விழுந்துவிட்டால் கதவைக் கொஞ்சம் திறந்து மறுபடி வையுங்கள். இப்போது ஒட்டுகிறதா? ஃபேனில் குறையில்லை, பாத்ரூமுக்குள் காற்று வர வழியில்லை. கதவின் அடியில் அரை இஞ்சாவது சந்து வேண்டும். பி.வி.சி. கதவைத் தரையோடு ஒட்ட மாட்டியிருந்தால் அடியில் சீவிவிடுங்கள். கதவுக்கு நேர் மேலேயே ஃபேன் இருந்தால் சந்து வழியாக வரும் காற்று அப்படியே மேலேறிப் போய்விடும், குளிக்கும் மூலையில் ஈரம் அப்படியே நிற்கும். எதிர்ச்சுவரில் வைக்கச் சொன்னது இதற்காக.

ஓட்டுவதும் பராமரிப்பதும்

குளித்து முடித்தபின் இருபது நிமிஷம் ஓடட்டும். 30 வாட் ஃபேன் தினமும் ஒரு மணி நேரம் ஓடினாலும் மாதத்துக்கு ஒரு யூனிட்டைத் தாண்டாது. கரண்ட் பில்லுக்குப் பயந்து நிறுத்தி வைப்பதில் லாபம் இல்லை. மாதக்கணக்கில் ஓடாமல் இருக்கும் ஃபேன்தான் இங்கே சீக்கிரம் இறுகும். வெளியூரில் இருந்துகொண்டு வீட்டைப் பூட்டி வைத்திருப்பவர்கள், சாவி வைத்திருக்கும் உறவுக்காரரிடம் வரும்போதெல்லாம் ஃபேனைக் கொஞ்ச நேரம் ஓடவிடச் சொல்லுங்கள்.

கச்சான் ஓய்ந்து மழை தொடங்கும் முன், புரட்டாசியில் ஒரு முறை கழற்றிக் கழுவி எண்ணெய் விடுங்கள். மழை முடிந்து தையில் இன்னொரு முறை. தையில் கழுவும்போது கனெக்டர் பெட்டியையும் திறந்து பாருங்கள். கம்பியில் பச்சை பூத்திருந்தால் அந்த அளவை வெட்டிவிட்டு, மடித்து வைத்த கூடுதல் வயரை இழுத்து, புதிதாகச் சீவி முடுக்கி, வாசலின் பூசி மூடுங்கள்.